அரிசியைக் குறைப்பவர்களுக்கு முதல் பதினைந்து நாள்



வாடிக்கையாளர் கொண்டுவரும் மாதச் சிட்டையைப் பார்த்தாலே அந்த வீட்டுச் சமையல் நமக்குத் தெரிந்துவிடும். அரிசியும் சீனியும் பாதியாக இறங்கி, அந்த இடத்தில் பாதாம், வேர்க்கடலை, முட்டை, நெய் என்று ஏறியிருந்தால், அங்கே யாரோ மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பொருள். அடுத்த மாதமே சிட்டை பழையபடி திரும்பினால், தொடங்கியவர் விட்டுவிட்டார் என்று பொருள்.

விட்டவர்களிடம் காரணம் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வருகிறது. "தலைவலி தாங்க முடியலை அண்ணாச்சி", "எழுந்தால் தலை சுற்றுது", "ராத்திரி கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது", "நாலு நாளாக வயிறு போகலை". இவை எல்லாம் பெரும்பாலும் முதல் பதினைந்து நாளில் வருபவை. ஏன் வருகின்றன என்று தெரிந்தால் பலவற்றைத் தவிர்க்கலாம். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதே தொல்லைகள் ஆபத்தாகவும் முடியலாம். வியாபாரிகளில் சர்க்கரை, ரத்த அழுத்தம் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இதை நாம் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம். நான் மருத்துவன் அல்ல. புதுக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்பவன். படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததை நம் தொழில் பாஷையில் எழுதுகிறேன்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

இதை முதலில் ஊரறியச் செய்தவர் ஒரு வியாபாரிதான். லண்டனில் சவ அடக்கப் பணிகளை ஏற்று நடத்திய வில்லியம் பான்டிங் என்பவர் உடல் பருமனால் மிகவும் அவதிப்பட்டார். ரொட்டி, சீனி, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை நிறுத்தும்படி அவருடைய மருத்துவர் கூறினார். அதனால் எடை குறைந்த விவரத்தை 1863-ல் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். இன்சுலின் கண்டுபிடிக்கப்படும் முன்பு சர்க்கரை நோய்க்கு இருந்த முக்கியமான வைத்தியமும் மாவுச்சத்தைக் குறைப்பதுதான். 1921-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோயாளிகளுக்காக மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவை முன்வைத்து, அதற்குக் கீட்டோ உணவு என்று பெயரிட்டார்.

தமிழ்நாட்டில் இது பரவியது சென்ற பத்தாண்டில். நியாண்டர் செல்வன் எழுதிய 'பேலியோ டயட்' நூலும் முகநூல் வழியாக நடந்த பிரசாரமும் இதற்குக் காரணம். காலையில் இட்லிக்குப் பதில் 100 பாதாம் என்ற கணக்கு அப்போது வந்ததுதான். பாதாம் கேட்டு வந்தவர்களை நம் கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதற்குத் தேவை இல்லாமலும் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை டாக்டர் வி. மோகன் குழுவினரும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். அதே ஆய்வின் 2025-ம் ஆண்டு வெளியீட்டின்படி, நாம் உண்ணும் உணவின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்தில் இருந்தே வருகிறது. ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதில் மாவுச்சத்தைக் குறைப்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2019-ல் ஒப்புக்கொண்டது. எனினும் அரிசியை அடியோடு விட வேண்டும் என்பதில்லை. நம் நாட்டு ஆய்வாளர்கள் 2022-ல் கூறியது மாவுச்சத்தை 50 சதவீதத்தை ஒட்டிக் கொண்டுவந்து புரதத்தைக் கூட்ட வேண்டும் என்பதே.

உடம்பின் கிட்டங்கியில் நடப்பது என்ன?

நாம் சாப்பிடும் சோறும் சீனியும் குளுக்கோஸாக மாறுகின்றன. அன்றாடச் செலவு போக மிஞ்சியதில் ஒரு பகுதியை உடம்பு கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் இருப்பு வைக்கிறது. இது பெரியவர் ஒருவருக்குச் சுமார் 400 முதல் 500 கிராம் இருக்கும். இந்தச் சரக்கை உலர்ந்த நிலையில் அடுக்க முடியாது. 1 கிராம் இருப்புக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும்.

மாவுச்சத்து வரத்து குறைந்ததும் சில நாளில் இந்த இருப்பு வெகுவாகக் கரைகிறது. அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் 2 கிலோ குறைந்தது என்று மகிழ்கிறார்களே, அதில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். கல்யாண வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டதும் மறுநாள் 1 கிலோ ஏறினாலும் அதுவும் தண்ணீர்தான். இரண்டையும் லாப நஷ்டக் கணக்கில் எழுதக் கூடாது.

இன்னொன்றும் நடக்கிறது. மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலின் குறையும். இன்சுலின் அதிகம் உள்ளபோது சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கும். குறைந்தால் வெளியே விட்டுவிடும். ஆகவே முதல் வாரத்தில் அடிக்கடி சிறுநீர் கழியும். அதோடு உப்பும் போகும். அந்த நேரத்தில் மிக்சர், ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றையும் நிறுத்தியிருப்பார்கள். அப்போது உப்பு வரவும் குறைந்துவிடுகிறது. தலைவலி, அசதி, தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு ஆகியவற்றுக்கு முக்கியக் காரணம் இதுதான். இதைக் கீட்டோ காய்ச்சல் என்று அழைக்கிறார்கள். பெயரில்தான் காய்ச்சல் உண்டு. உடம்பு உண்மையாகவே சுட்டால் அது உணவு மாற்றத்தால் வந்ததல்ல. டெங்கு போன்ற வேறு காரணம் இருக்கலாம். மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒவ்வொரு தொல்லைக்கும் என்ன செய்வது?

1. தலைவலி, அசதி, தலைச்சுற்றல்: ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் கோளாறு இல்லாதவர்கள், உப்பிட்ட மோர், எலும்பு சூப், ரசம் இவற்றில் ஏதாவது ஒன்றை நாளுக்கு இரண்டு தம்ளர் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது தவறு. இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். வெயிலில் உழைப்பவர்கள் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பதன் நியாயமும் இதுவே. படுக்கையில் இருந்து எழும்போது சற்று உட்கார்ந்து, பிறகு எழ வேண்டும்.

நம் தொழிலில் இன்னொரு காரணமும் உண்டு. நாளுக்கு ஆறு டீ குடிக்கும் கடைக்காரர் உணவு மாற்றத்தோடு டீயையும் ஒரே நாளில் நிறுத்தினால், டீ இல்லாததாலேயே தலை வலிக்கும். முதலில் சீனியை நிறுத்துங்கள். டீயைப் பிறகு மெதுவாகக் குறைக்கலாம்.

2. கெண்டைக்கால் பிடிப்பு: உப்பும், மக்னீசியம், பொட்டாசியம் முதலிய தாதுக்களும் குறைவதால் வரலாம். கீரை, பாதாம், வேர்க்கடலை, தயிர் ஆகியவை உதவும். ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாதாமை அதிகம் சாப்பிடக் கூடாது. அதில் ஆக்சலேட் மிகுதி.

3. மலச்சிக்கல்: சோற்றைக் குறைத்தவர்கள் அதோடு சேர்ந்து வரும் கூட்டு, பொரியலையும் குறைத்துவிடுவதுதான் காரணம். முட்டையும் மீனும் மட்டும் சாப்பிட்டால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? அவரை, வெண்டை, புடலை, சுரை, முருங்கைக்கீரை என்று வேளைக்கு ஒரு பெரிய கிண்ணம் காய்கறி அவசியம். இசப்கோல் உமி சாப்பிடுவோர் நிறையத் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் சிக்கல் கூடும்.

4. வயிற்றுப்போக்கு, குமட்டல்: திடீரென நெய்யும் எண்ணெயும் கூட்டினால் வரும். கொழுப்பைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும்.

5. வாய் நாற்றம்: உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அசிட்டோன் மூச்சில் வருவதால் ஏற்படுவது. சில வாரங்களில் குறையும். கல்லாவில் இருப்பவர்கள் ஏலக்காய், கிராம்பு வாயில் போட்டுக்கொள்ளலாம்.

6. தூக்கமின்மை, படபடப்பு: உப்பும் நீரும் சரியானால் பெரும்பாலும் அடங்கும். மாலைக்குப் பின் காபி வேண்டாம். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது.

7. பின்னால் வருபவை: இரண்டு மூன்று மாதம் கழித்துச் சிலருக்கு முடி கொட்டும். எடை வேகமாகக் குறைவதும் புரதம் போதாததும் காரணம். பெரும்பாலும் தானே சரியாகும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வலிப்பது, பித்தப்பைக் கல் உருவாவது ஆகியவையும் வேகமாக எடை குறைப்பவர்களுக்கு வரலாம். கெட்ட கொழுப்பு சிலருக்கு அதிகமாக ஏறும். ஆகவே தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

உப்பு விற்கும் ஊர்க்காரர்கள் அறிய வேண்டியது

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நாட்டிலேயே தமிழ்நாடு முன்னணியில் இருப்பதற்குத் தூத்துக்குடி உப்பளங்களே முக்கியக் காரணம். ஆகவே உப்பைப் பற்றித் தவறான சொல் நம் கடையில் இருந்து போகக் கூடாது.

பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது சுமார் ஒரு சிறு கரண்டி, என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வாரம் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம். அதை நிரந்தரமாக்கிக்கொள்ளக் கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது உப்புக்கும் பொருந்தும்.

"இந்து உப்புதான் இதற்கு நல்லதாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. பாறையில் எடுத்தாலும் பாத்தியில் எடுத்தாலும் அது பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். தசைப்பிடிப்பைத் தீர்க்கும் அளவுக்கு இந்து உப்பில் வேறு தாதுக்கள் கிடையாது. அயோடின் சேர்க்காத இந்து உப்பையே எப்போதும் பயன்படுத்தினால் அயோடின் குறைவுதான் மிஞ்சும். நேரடியாக உண்பதற்கு அயோடின் கலக்காத உப்பை விற்க 2006 மே 17 முதல் தடை இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்தது, சோடியம் குறைந்த உப்பு என்று பாக்கெட்டில் வருவது. இதில் ஒரு பகுதி பொட்டாசியம் குளோரைடு. நல்ல ஆரோக்கியம் உள்ள பெரியவர்களுக்கு இது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் கூறியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் கூறியது. எனலாபிரில், டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோருக்குப் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். யாராவது இதைக் கேட்டால், "சிறுநீரகக் கோளாறு உண்டா? பிரஷர் மாத்திரை சாப்பிடுறீங்களா? அப்படின்னா டாக்டரிடம் கேட்டுட்டு வாங்க" என்று சொல்வது நம் கடமை.

மாத்திரை சாப்பிடுவோர் கவனத்துக்கு

எனக்குத் தெரிந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர். வயது 55. பல ஆண்டாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர். யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் சோறு, இட்லி எல்லாவற்றையும் நிறுத்தினார். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தார். மூன்றாம் நாள் பகல் 12 மணிக்குக் கடையில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணத் தெரியாமல் விழித்தார். கடைப் பையன் புத்திசாலி. சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தான். பிழைத்தார். அன்று அவர் தனியாகக் கடையில் இருந்திருந்தால், அல்லது சரக்கெடுக்க மோட்டார் சைக்கிளில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மாத்திரை ஒன்றுதான், மாவுச்சத்துதான் இல்லை. செலவு அப்படியே இருந்து வரவு மட்டும் நின்றால் கல்லா காலியாகத்தானே செய்யும்? மருந்து வாரியாகப் பார்ப்போம்.

இன்சுலின் ஊசியும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு வகை மாத்திரைகளும்: மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். எவ்வளவு குறைப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். மெட்பார்மின் மட்டும் சாப்பிடுவோருக்கு இந்த அபாயம் குறைவு.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை: சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. விலை இறங்கியதால் இப்போது பலர் சாப்பிடுகிறார்கள். இதோடு மாவுச்சத்தையும் மிகவும் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. சோதித்தால் சர்க்கரை அதிகம் ஏறாதது போலவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு ஆகியவை அடையாளம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை: நீரும் உப்பும் போனால் அழுத்தம் தானே இறங்கும். மாத்திரையும் சேர்ந்து இறக்கும். தலை சுற்றி விழுவதற்கு இதுவே காரணம். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுவோருக்கு இது இன்னும் கூடுதல். இவர்கள் தாமாக உப்பைக் கூட்டவும் கூடாது, மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுவயதிலேயே இன்சுலினை நம்பி வாழும் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோர் தாமாக இந்த முறையைத் தொடங்கவே கூடாது.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 3 சிறு கரண்டி சீனி அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். குறையாக இருந்தால் மீண்டும் கொடுக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். இதைக் கடையில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கல்லாவுக்கு அருகில் ஒரு குளுக்கோஸ் பாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

படிப்படியாகத் தொடங்கும் முறை

மொத்த இருப்பையும் ஒரே நாளில் தள்ளுபடியில் விற்கும் வியாபாரி உண்டா? உணவு மாற்றமும் அப்படித்தான். படிப்படியாகக் குறைத்தால் தொல்லையும் குறைவு.

முதல் வாரம்: டீ, காபியில் சீனி, குளிர்பானம், பிஸ்கட், மக்ரூன் ஆகியவற்றை நிறுத்துங்கள். டீக்கு 2 கரண்டி, அதாவது 10 கிராம் சீனி என்றால், ஆறு டீக்கு 60 கிராம். இது ஒன்றே பெரிய லாபம்.

இரண்டாம் வாரம்: இரவுப் புரோட்டாவும் தோசையும் போய், மீன், முட்டை, அல்லது பனீரும் காய்கறியும் வரட்டும். சைவர்கள் தயிர், வேர்க்கடலை, தேங்காய், பருப்பு ஆகியவற்றை அளவோடு சேர்க்கலாம்.

மூன்றாம் வாரம்: மதியச் சோறு பாதி, காய்கறி இருமடங்கு.

அதற்கு மேல் எவ்வளவு குறைப்பது என்பதை உடம்பும் பரிசோதனையும் சொல்லும். ஒவ்வொரு படியிலும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை. தீபாவளி, பொங்கல் விற்பனை நேரத்தில் தொடங்க வேண்டாம். முதல் வாரத்தில் மூட்டை தூக்குவதையும், விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வண்டி ஓட்டுவதையும் தவிர்ப்பது நல்லது.

கடையில் கேட்பவர்களுக்கு

"சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது" என்று சொல்லி விற்காதீர்கள். 100 கிராம் பச்சரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். வரகு, சாமையில் சுமார் 65 கிராம். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மை. ஆனால் மாவுச்சத்து இல்லை என்பது பொய். அதேபோல் உடன்குடிக் கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே ருசியில் வேறுபட்டாலும் ரத்தத்துக்குச் சர்க்கரைதான். கருவாடும் ஊறுகாயும் மாவுச்சத்து குறைந்தவைதான், ஆனால் உப்பு மிகுந்தவை. ரத்த அழுத்தம் உள்ளவரிடம் இதையும் சொல்லி விற்க வேண்டும்.

மாத்திரையை நிறுத்தலாமா, குறைக்கலாமா என்று கேட்டால் நம்மிடம் பதில் இருக்கக் கூடாது. "டாக்டரைக் கேளுங்க" என்பதே சரியான பதில். அரிசியின் தரத்தை நாம் சொல்லலாம். மருந்தின் அளவை நாம் சொல்லக் கூடாது.

இரண்டு வாரம் கழிந்தும் தொல்லை தீராவிட்டாலும், மயக்கம், நெஞ்சுவலி, தொடர் வாந்தி, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று எப்போது வந்தாலும், "உணவு மாற்றினால் இப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

மற்றபடி, முதல் பதினைந்து நாள் என்பது புதுக் கடை திறந்த பதினைந்து நாள் போலத்தான். உப்பு, தண்ணீர், காய்கறி இந்த மூன்றையும் குறைவில்லாமல் கவனித்து, மருத்துவரைக் கேட்டுத் தொடங்கினால் பலரும் கடந்துவிடலாம். வாடிக்கையாளர் நலமாக இருந்தால்தான் சிட்டை வரும். நாம் நலமாக இருந்தால்தான் கடை திறக்கும். நமது சங்க உறுப்பினர்கள் இதைப் படித்துத் தம் கடைப் பணியாளர்களுக்கும் எடுத்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.